பூட்டிக் கிடந்த வீடும் பூட்டாத பதிவேடும்: ஒரு சொத்து வரி நிகழ்வு ஆய்வு

2021 ஜூலையில் என்னிடம் வந்து, 2023 ஏப்ரலில் ஒரு வழிக்கு வந்த விவகாரம் இது. நான் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெருவிலும் உறவிலும் யாராவது வரி நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வந்தால் உட்கார வைத்துப் படித்துச் சொல்வது வழக்கம். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், தெரு, ஊர் எதுவும் இதில் இல்லை. தொகைகளில் பைசாவை விட்டுவிட்டேன்.

## பின்னணி

காவிரி டெல்டாவின் கடைமடைப் பக்கத்து நகராட்சி ஒன்றில் பழைய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அதற்குப் பின்னால் சமையலறையும் பத்தாயம் இருந்த அறையுமாக ஒரு பின்கட்டு, கடைசியில் கொல்லை. தகப்பனார் 2009இல் காலமானார். தாயார் தனியாக அங்கேயே இருந்து 2018 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் சென்னை தாம்பரத்தில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறார். தங்கை திருச்சியில். கடைக்குட்டி இங்கிலாந்தில்.

காரியம் முடிந்து வீட்டைப் பூட்டினார்கள். சாவி எதிர்ச்சாரியில் உரக்கடை வைத்திருப்பவரிடம். தாயாரை 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழகியவர், நம்பிக்கையான மனிதர். யாரும் எதுவும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் சாவியை எழுதிக் கொடுத்து வாங்கும் பழக்கம் கிடையாது.

அந்த வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா வந்தது. வேதாரண்யம் பக்கம் கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையை எல்லாம் மடக்கிப்போட்ட அதே புயல். இந்த வீட்டில் கொல்லைத் தென்னை ஒன்று பின்கட்டின் மேல் சாய்ந்தது. ஓடு, கைமரம், ஒரு பக்கச் சுவர் எல்லாம் உள்ளே விழுந்தன. முன்கட்டு தப்பித்தது. மூத்தவர் வந்து பார்த்தார், ஆள் வைத்து இடிபாட்டை ஓரமாக ஒதுக்கினார், திரும்பிப் போனார். நகராட்சிக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஊரே கூரை இல்லாமல் நின்றபோது யாருக்குத்தான் தோன்றும்?

பிறகு 2020இல் ஊரடங்கு. 2021 ஜூன் வரை யாரும் கதவைத் திறக்கவில்லை என்றுதான் குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது.

## கேட்பு அறிவிப்பு

2021 ஜூலை முதல் வாரம் கதவில் கேட்பு அறிவிப்பு ஒட்டினார்கள். உரக்கடைக்காரர் அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். சொத்து வரி நிலுவையும் நடப்பும் சேர்த்து 10,030 ரூபாய், குடிநீர்க் கட்டணம் 4,200, ஆக 14,230. ஏழு அரையாண்டு கட்டவில்லை. தாயார் கடைசியாகக் கட்டியது 2017-18 இரண்டாம் அரையாண்டு வரை. வரிவிதிப்பு இன்னும் தகப்பனார் பெயரில்தான் இருந்தது.

மூத்தவர் என்னிடம் வந்தபோது கேட்டது ஒரே கேள்வி: "யாருமே இல்லாத வீட்டுக்கு எதுக்கு சார் வரி?"

இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்த காலத்திலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். சொத்து வரி ஆளுக்கு விதிப்பதில்லை, கட்டடத்துக்கும் மனைக்கும் விதிப்பது. எந்த மண்டலம், எத்தனை சதுர அடி, தளமா ஓடா, குடியிருப்பா கடையா என்று பார்த்து, அந்தக் கட்டடம் என்ன வாடகைக்குப் போகும் என்று ஒரு ஆண்டு மதிப்பு போட்டு, அதிலிருந்து அரையாண்டு வரி வரும். உள்ளே ஒருவர் இருந்தாலும் பத்து பேர் இருந்தாலும் தொகை அதேதான். ஆனால் காலி வீட்டுக்கென்று ஒரு கதவை அந்தச் சட்டம் திறந்து வைத்திருந்தது. அதைக் கடைசியில்தான் தட்டினோம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

## குடும்பம் நம்பியிருந்த மூன்று விஷயங்கள்

அந்த வாரம் வீடியோ காலில் மூன்று பேரையும் வைத்துப் பேசினேன். ஆளுக்கு ஒரு நம்பிக்கை.

இங்கிலாந்துக்காரருக்கு, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அபராதம் மாதிரி வரி ஏறும் என்ற பயம். "இங்க ரெண்டு வருஷம் காலியா கெடந்தா டபுள் சார்" என்றார். அவர் சொன்னது அந்த ஊருக்கு உண்மை. இங்கிலாந்தில் உள்ளூர் மன்றங்கள் நீண்ட நாள் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குக் கூடுதல் வரி போடலாம். ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று காலம் ஏற ஏற வரியும் ஏறும். (2024 ஏப்ரல் முதல் ஒரு வருஷம் காலியாக இருந்தாலே இரட்டிப்பாக்கலாம். அடுத்த ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீட்டுக்கும் அப்படிப் போடும் அதிகாரம் வந்துவிட்டது.) அங்கே குடியிருக்க வீடு இல்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது பூட்டி வைப்பதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். நம் சொத்து வரிச் சட்டத்தில் இரண்டாவது வீடு என்று தனி விகிதமே கிடையாது. காலியாக இருந்தால் குறைக்கத்தான் வழி இருந்தது.

மூத்தவருக்குக் குழப்பம் வேறு. காலிமனை வரி என்று யாரோ சொன்னதைக் காலி வீட்டு வரி என்று எடுத்துக்கொண்டார். கட்டடமே இல்லாத மனைக்குப் போடுவதுதான் காலிமனை வரி. "அப்ப மிச்சத்தையும் இடிச்சுட்டா கம்மியாகுமா?" என்று கேட்டார். தங்கை அதற்குப் பதிலே சொல்லவில்லை, திரையை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

வருமான வரி பற்றியும் மூத்தவருக்கு ஒரு கவலை இருந்தது. அது பழைய கதை. முன்பெல்லாம் சொந்தமாக வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் ஒன்றுக்குத்தான் வருமானம் பூஜ்யம் என்று காட்டலாம், இரண்டாவதற்கு வராத வாடகையை வந்ததாகக் கணக்குப் பண்ண வேண்டும். 2019-20 நிதியாண்டிலிருந்து இரண்டு வீடுகளுக்கு அந்தச் சலுகை உண்டு. தாம்பரம் ஃபிளாட்டும் இந்த வீட்டில் அவர் பங்கும் அதற்குள் அடங்கிவிடும். அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

தங்கையின் பயம்தான் விவகாரத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. "வரி ரசீதுல அண்ணன் பேரு வந்துட்டா வீடு அண்ணனுக்குப் போயிரும்ல சார்?" அண்ணன் எதிரிலேயே கேட்டார். அண்ணன் முகம் சுருங்கியது. நான் சொன்னது: வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்கான பதிவு அது, அவ்வளவுதான். உரிமை என்பது பத்திரம், பட்டா, வாரிசுரிமையில் இருக்கிறது. ஆனால் தங்கையின் பயத்தைத் தப்பு என்றும் நான் சொல்லவில்லை. வரி ரசீதைக் காட்டி மின் இணைப்பு மாற்றி, அதைக் காட்டி இன்னொன்று என்று ஒருவர் பெயருக்கே எல்லாம் நகர்ந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

## வீட்டில் கண்டது

ஆகஸ்ட் 14ஆம் தேதி, சனிக்கிழமை, மூத்தவரும் தங்கையும் நானும் போனோம். உரக்கடைக்காரர் சாவியோடு வந்தார். கொஞ்சம் தயங்கித்தான் பூட்டைத் திறந்தார். காரணம் உள்ளே இருந்தது.

ரேழி முழுக்க யூரியா. 45 கிலோ மூட்டைகள் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டதால் குறுவைக்கு மேலுரம் போடும் நேரம், கடையில் இடம் போதவில்லை. "நாலு மூட்டைதான் தம்பி, அவசரத்துக்கு" என்றார். தங்கை எண்ணினார். அறுபத்திரண்டு. தாயார் தினமும் துணியால் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த சிவப்புத் தரையில், மூட்டை கசிந்த இடமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. தங்கை குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

மின்வாரிய அட்டை மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 2018இல் இரண்டு மாதத்துக்கு 2 யூனிட், 0, 3. 2019 ஆகஸ்டிலிருந்து 34, 41, 38. வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் வரை இலவசம் என்பதால் பில் பூஜ்யமாகவே வந்திருக்கிறது. பணம் கட்டச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அதனால் குடும்பத்துக்குத் தெரியவே இல்லை. ஆக இரண்டு வருஷமாக வீடு கிடங்காக இருந்திருக்கிறது. பதிவேட்டில் குடியிருப்பு, குடும்பத்தின் நினைப்பில் காலி, நிஜத்தில் உரக் கிடங்கு.

பின்கட்டு இருந்த இடத்தில் எருக்கும் ஆமணக்கும் ஆள் உயரம். டேப் பிடித்து அளந்தோம். நின்றுகொண்டிருக்கும் கட்டடம் 1,310 சதுர அடி.

## பதிவேட்டில் கண்டது

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய் வரிவிதிப்பு எண்ணைச் சொல்லி விவரம் கேட்டேன். பரப்பு 1,940 சதுர அடி. விழுந்துபோன பின்கட்டின் 630 சதுர அடிக்கும் சேர்த்து வரி ஓடிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுதாகவோ பகுதியாகவோ இடிந்தால் உரிமையாளர் அறிவிக்கிற வரைக்கும் பழைய வரிக்கு அவரே பொறுப்பு என்பதுதான் விதி. புயல் வந்தது ஊருக்கே தெரியும் என்று வாதாட முடியாது.

நிலுவைக் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. பழைய அரையாண்டு வரி 1,180. 2018இல் அரசு சொத்து வரியை உயர்த்தியபோது இந்த வீட்டுக்கு 50 சதவீதம் கூடி 1,770 ஆனது. 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்தி வைத்து, பழைய வரியே போதும், கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பின்னால் சரிக்கட்டப்படும் என்றார்கள். கட்டியவர்களின் கணக்கைச் சரி செய்தார்கள். கட்டாதவர் கணக்கில் மூன்று அரையாண்டுகள் 1,770ஆகவே நின்றுவிட்டன. கணினியில் யாரும் தொடவில்லை, யாரும் வந்து கேட்கவும் இல்லை. மூன்றுக்கும் சேர்த்துக் கூடுதல் 1,770. எண் ஒன்றாக வந்தது தற்செயல்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, காலி வீட்டுக் கழிவு, அதாவது காலி வீட்டுக்கான வரிக் குறைப்பு, கேட்பதா என்பது. அன்று நடைமுறையில் இருந்தது 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன்படி ஒரு அரையாண்டில் தொடர்ச்சியாக 30 நாளோ அதற்கு மேலோ கட்டடம் ஆளில்லாமலும் வாடகைக்கு விடாமலும் இருந்தால், காலியாக இருந்த நாள் கணக்குக்கு ஏற்ப, கட்டடத்துக்கான வரிப் பகுதியில் பாதிக்கு மிகாமல் கழிக்கலாம். ஆனால் காலியாக இருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்பு அந்த அரையாண்டுக்கும் அடுத்ததற்கும்தான் செல்லும், பிறகு புதிதாகத் தர வேண்டும். கழிவையும் அந்த அரையாண்டிலோ அடுத்ததிலோ கேட்டுவிட வேண்டும். தாமதித்தால் போனது போனதுதான்.

மூன்று வருஷப் பழைய நிலுவைக்கு இதைக் கேட்க வழியே இல்லை, அறிவிப்பு கிடையாது. நடப்பு அரையாண்டுக்கு மூத்தவர் உடனே எழுதித் தரச் சொன்னார். அறுபத்திரண்டு மூட்டையை வைத்துக்கொண்டு 'காலி' என்று நான் எழுத மாட்டேன் என்றேன். நல்லவன் வேஷம் போடவில்லை. மனு போனால் பில் கலெக்டர் வந்து பார்ப்பார். மூட்டையைப் பார்த்தால் பயன்பாட்டைக் குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாற்றுவார், மாற்றியும் ஆக வேண்டும். கழிவு கேட்கப் போய் வரி ஏறிய கதையாகிவிடும். அத்தோடு மின் இணைப்பையும் வணிகக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் போகும்.

உரக்கடைக்காரருக்கே முறையாக வாடகைக்கு விட்டுவிடலாமே என்ற யோசனையும் வந்தது. அதையும் பேசினோம். வணிக வரி, வணிக மின்கட்டணம் இரண்டும் போக அவர் தருவதாகச் சொன்ன வாடகையில் கையில் பெரிதாக நிற்காது. தங்கை ஒரே வார்த்தையில் முடித்தார்: "அம்மா தரையைப் பாத்தீங்கள்ல."

சாவியைத் திரும்ப வாங்கினோம். சண்டை இல்லை. செப்டம்பர் 4ஆம் தேதிக்குள் மூட்டையை எடுத்துவிட்டார். ஆனால் அந்தத் தெருவில் அவர் மூத்தவரைப் பார்த்தால் இப்போதும் வேறு பக்கம் பார்க்கிறார். சரி, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அப்புறம் வரிசை போட்டோம். முதலில் நிலுவையைத் திருத்திக் கட்டுவது. பாக்கி இருக்கும்வரை பெயர் மாற்றத்துக்கு மனு வாங்க மாட்டார்கள். இரண்டாவது, மூன்று பேர் பெயரிலும் கூட்டாகப் பெயர் மாற்றம். மூன்றாவது பரப்புத் திருத்தம். கடைசியாக, உண்மையிலேயே காலியான நாளிலிருந்து கழிவு. குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாமா என்றும் கேட்டார்கள். திரும்ப வாங்கும்போது வைப்புத்தொகை, சாலை வெட்டும் கட்டணம் என்று ஆகும் செலவை நினைத்து வேண்டாம் என்றேன்.

இந்த வரிசையில் ஒரு தப்பு இருக்கிறது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

## அலுவலகத்தில் நடந்தது

கவுண்ட்டரில் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: கணினியில் காட்டுகிற தொகையை முழுதாகக் கட்டுங்கள், பிறகு சரிசெய்ய மனு கொடுங்கள். 2016இலிருந்து நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் நிர்வாகம்தான் ஓடியது. போய்ச் சொல்ல வார்டு கவுன்சிலரும் இல்லை. மூன்று அரையாண்டுகளையும் தனித்தனியாகக் குறித்து, 2019 நவம்பர் உத்தரவைச் சொல்லி ஒரு பக்க மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். வருவாய் ஆய்வாளர் இளைஞர். கோப்பைப் பார்த்துவிட்டு, "இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கும்னு தெரியல சார்" என்றார். மூன்று வாரத்தில் திருத்தினார்கள். 8,260 சொத்து வரி, 4,200 குடிநீர், மொத்தம் 12,460. ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் போட்டுக் கட்டினார்கள். இங்கிலாந்துப் பங்கு தங்கையின் கணக்குக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

செப்டம்பர் 6ஆம் தேதி, வீடு காலியாக இருக்கிறது என்று அறிவிப்பு கொடுத்தோம். அன்றிலிருந்து அரையாண்டு முடியும் செப்டம்பர் 30 வரை 25 நாள்தான். முப்பது ஆகாததால் அந்த அரையாண்டுக்கு ஒன்றும் இல்லை. இது தெரிந்துதான் கொடுத்தோம், அடுத்த அரையாண்டுக்கு அந்த அறிவிப்பு வேண்டும் என்பதற்காக.

பெயர் மாற்றம்தான் இழுத்தது. தகப்பனாருக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், தாயாருக்கு ஒன்று. இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் ஒப்புதல் வரவேண்டும். கடைக்குட்டியின் சம்மதக் கடிதம் அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி வந்து சேர அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. முதலில் அவர் பொது அதிகாரப் பத்திரமே அனுப்புவதாகச் சொன்னார். வரிப் பெயர் மாற்றத்துக்கு அவ்வளவு தேவையில்லை, அப்படி வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும் என்ற சங்கடம் வேறு என்று தடுத்தேன். டிசம்பரில் மூன்று பெயர்களும் ஏறின. தங்கை புது ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு, தன் பெயரில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார். அதற்கு இன்னொரு மனு.

2022 ஜனவரியில் தாயார் திதிக்கு எல்லோரும் வந்து நாலு நாள் தங்கினார்கள். அதே வாரம் பரப்புத் திருத்த மனு. பில் கலெக்டர் டேப்போடு வந்து அளந்தார், பின்கட்டு இருந்த இடத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்தார். 1,310 சதுர அடி என்று பதிவானது. வரி அதே விகிதத்தில் குறைந்து 797 ஆனது, 2021-22 இரண்டாம் அரையாண்டு முதல்.

மார்ச் மாதம் முடிந்ததும் கழிவு மனு. 182 நாளில் திதிக்குத் தங்கிய நாலு நாளை நாங்களே கழித்து 178 என்று எழுதினோம். அதற்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாக முப்பது நாளுக்கு மேல் இருந்ததால் சிக்கல் இல்லை. மின் அட்டை நகலை இணைத்தோம், இந்த முறை அது நமக்குச் சாட்சி. கட்டடத்துக்கான பகுதியாக 640 ரூபாயை எடுத்து, அதில் பாதியை நாள் கணக்குக்குப் பிரித்து, கழிவு 313 ரூபாய் என்று உத்தரவு வந்தது.

மூத்தவர் அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா சார்?" தாம்பரத்திலிருந்து ஒரு தடவை வந்து போகும் செலவுக்குக்கூட அது காணாது.

## 2022 ஏப்ரல்

அந்த மாதம் முதல் தேதியே அடுத்த செய்தி வந்திருந்தது. மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்வு. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பரப்பைப் பொறுத்துப் படி வைத்தார்கள்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பிப்ரவரியில்தான் தேர்தல் முடிந்து புது மன்றங்கள் உட்கார்ந்திருந்தன. அவர்களுக்கு வந்த முதல் தலைவலி இதுதான்.

இந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். பழைய பதிவு 1,940 சதுர அடி என்றே இருந்திருந்தால் நூறு சதவீதப் படியில் விழுந்து 1,180 என்பது 2,360 ஆகியிருக்கும். திருத்தியதால் 1,310 சதுர அடி, 75 சதவீதப் படி. 797 என்பது 1,395 ஆனது. அரையாண்டுக்கு 965 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு 1,930, வருஷா வருஷம். எருக்கு முளைத்த இடத்தை டேப் வைத்து அளந்ததற்குக் கிடைத்தது அது. காலி என்று நிரூபித்ததற்குக் கிடைத்தது 313. கழிவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். எங்கள் ஊரில் பூட்டிய வீட்டுக்காரர்கள் எல்லோரும் கழிவைப் பற்றியே கேட்கிறார்கள். பரப்பைப் பற்றி, பயன்பாட்டுப் பதிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆள் இருக்கிற வீட்டில் பில் கலெக்டர் வரும்போது, "அது விழுந்துபோச்சுங்களே" என்று சொல்ல ஒரு பாட்டியாவது இருப்பார். பூட்டிய வீட்டுக்காகப் பேச யாரும் கிடையாது.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

குடும்பம் கஜா முடிந்த கையோடு ஒரு கடிதம் போட்டிருந்தால் ஆறு அரையாண்டுகளில் அரையாண்டுக்கு 383 வீதம் 2,298 ரூபாய் மிஞ்சியிருக்கும். அது திரும்பக் கிடைக்கவில்லை. சாவி கொடுத்ததைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் அளவைக் கைபேசியில் பார்த்திருந்தாலே, பூஜ்ய பில்லுக்குள் ஒளிந்திருந்த 34 யூனிட் கண்ணில் பட்டிருக்கும்.

என் தப்பு வரிசையில். பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் பரப்புத் திருத்தம் என்று பிடிவாதமாக இருந்தேன். இடிந்துபோன தகவலைத் தருவதற்கு ரசீதில் பெயர் இருக்க வேண்டியதில்லை. வாரிசு என்று சொல்லி ஆகஸ்டிலேயே கொடுத்திருக்கலாம், செப்டம்பரில் காலி அறிவிப்பை அப்படித்தானே கொடுத்தோம்? ஒரு அரையாண்டு 383 ரூபாய் என்னால் போயிற்று. முப்பது வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு, 'முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள்' என்பது ஊறிப்போன வாக்கியம். இந்தப் பக்கம் வந்தும் அதை விடவில்லை.

இதைப் படித்துவிட்டு இன்று மனு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன கழிவு 1920 சட்டத்தின் கீழ் நடந்தது. 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998உம் அதன் 2023 விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மனுவில் அவற்றைத்தான் குறிப்பிட வேண்டும். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. பூட்டிய வீட்டுக்காரர்தான் தேதியை மறப்பார் என்பதால் இதைச் சொல்கிறேன். வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் அது 1994 ஊராட்சிகள் சட்டத்து வீட்டு வரி, கணக்கே வேறு. ஊராட்சிச் செயலரிடம் கேட்க வேண்டும்.

## பிறகு

2022 ஏப்ரலுக்கு மேல் கழிவு கேட்க வேண்டுமானால் புதிதாக அறிவிப்பு தர வேண்டும். வரி ஏறியதால் கழிவும் கொஞ்சம் கூடியிருக்கும். நினைவூட்டத் தங்கைக்குப் போன் செய்தேன்.

"வேணாம் சார், இப்ப நான் மாசாமாசம் அமாவாசைக்குப் போயிடுறேன்" என்றார். முதல் நாள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய், ஜன்னலைத் திறந்து போட்டு, ரேழியைக் கழுவி, மறுநாள் அம்மாவுக்குப் படைத்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்புகிறாராம். தரையில் வெள்ளை இன்னும் முழுசாகப் போகவில்லையாம், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கிறாராம்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பது, மிஞ்சினால் முப்பது நாள். நடுவில் அவர் தங்கும் இரவைக் கழித்தால் தொடர்ச்சியாக முப்பது நாள் எந்த மாதமும் தேறாது. 2023 ஏப்ரலில் மூன்று பெயரில் வந்த வரியை, ஊக்கத்தொகை கழித்து, அவரே கட்டினார். காலி அறிவிப்பு எதுவும் கொடுக்கவில்லை.